கேஸ் டப்பாவை விற்பார்கள், திரும்ப வாங்க மாட்டார்கள்

வீடு மாற்றும்போதுதான் இந்தத் தலைவலி ஆரம்பித்தது. மலையேற்றத்தில் சின்ன அடுப்பைத் திருகிச் சமைப்பதற்காக வாங்கி, பாதியும் காலுமாக மிஞ்சிய கேஸ் டப்பாக்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய பின்பக்க பால்கனியில் இருந்தன. சாமான் ஏற்ற வந்த மேற்பார்வையாளர் பெட்டியைத் திறந்து பார்த்ததுமே, "இதை மட்டும் ஏற்ற மாட்டோம் சார்" என்று தள்ளி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் மூடிய லாரிக்குள் அந்த அளவைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. காரின் டிக்கியும் அப்படித்தான்.

ரயிலில் எடுத்துப் போய்விடு என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்கு வழியுண்டு. விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது.

வார்டு அலுவலகத்தில் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, "குப்பை வண்டியில் போடுங்கள்" என்றார். காலையில் வண்டியோடு வந்த தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு அவரைவிட விவரம் தெரிந்திருந்தது. "உள்ளே கேஸ் இருக்கிறதா தம்பி? லாரியில் போட்டு நசுக்குவார்கள், வெடித்தால் எங்கள் ஆட்கள்தான் பக்கத்தில் நிற்பார்கள்" என்று மறுத்துவிட்டார். மறுபடி எழுத்தரிடம் போய், பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா மாதிரி வீட்டு அபாயக் கழிவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அப்போதிருந்த 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளில் அந்த இரண்டும் இருந்தன. கேஸ் டப்பா பெயர் சொல்லி இருக்கவில்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கேஸ் ஏஜென்சியைக் கேட்கச் சொன்னார். ஏஜென்சியில், "நாங்கள் கொடுத்த சிலிண்டரா?" என்று ஒரே கேள்வி. டப்பாவை விற்ற கடையில் பில்லைக் கேட்டார்கள். நானும் தேடி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "காலி டப்பா எடுப்பதில்லை" என்றார்கள். அதைப் பில் கேட்பதற்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

கடைசியில் வழிவிட்டது காயலான் கடைதான். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "காலி பண்ணி, ஓட்டை போட்டுக் கொண்டு வாருங்கள். தகரம் என்று எடுத்துக்கொள்கிறேன்."

எது காலி என்று குலுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சமையலறைத் தராசு போதும். 230 கிராம் கேஸ் பிடிக்கும் டப்பா வெறுமனே 150 கிராம் அளவில் நிற்கும். அதற்கு மேல் காட்டுவதெல்லாம் உள்ளே இருக்கும் கேஸ். தராசு இல்லாவிட்டால் வாளித் தண்ணீரில் மிதக்க விடலாம். நிறைந்தது கழுத்தளவு அமிழும், காலியானது மேலே எழும்பிச் சாய்ந்து நிற்கும்.

மிச்ச கேஸை மொட்டை மாடியில் அடுப்பில் எரித்தே தீர்த்தேன். கடைசிக் கட்டத்தில் சுடர் சுருங்கிவிடும், டப்பா சில்லிட்டு வெளியே வியர்த்துவிடும். தீர்ந்துவிட்டது என்று அப்போது நினைக்க வேண்டாம். குளிர்ந்துபோனதால் திரவம் ஆவியாகத் திணறுகிறது, அவ்வளவுதான். அணைத்துவிட்டு, வெயில் படாத இடத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் மீண்டும் எரியும்.

பிறகுதான் ஓட்டை. வால்வில் சீறல் துளியும் இல்லை, தராசிலும் வெற்று எடைதான் என்று உறுதியான பின்பு, திறந்தவெளியில், பக்கத்தில் நெருப்போ பீடியோ இல்லாமல், அதற்கென்றே விற்கும் துளைப்பானால் குத்தினேன். ஆணி, சுத்தியல் வேண்டாம், பொறி பறக்கும். வீட்டுக்குள் செய்வதை நினைத்தே பார்க்காதீர்கள். 2018 டிசம்பரில் ஜப்பானின் சப்போரோவில் ஒரு அலுவலகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்ப்ரே டப்பாக்களை அறைக்குள்ளேயே பீய்ச்சிக் காலி செய்துவிட்டு வெந்நீர்க் கருவியைப் போட்டார்கள். கட்டடமே நொறுங்கியது, ஐம்பது பேருக்கு மேல் காயமடைந்தார்கள்.

நம் கேஸ் டப்பாவையும் வீட்டுக்குள் திறக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்: அதில் இருக்கும் பியூட்டேன் வாயு காற்றைப் போல இரண்டு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு தேங்கும். காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 230 கிராம் கசிந்தால் ஏறக்குறைய 95 லிட்டர் வாயு. சின்ன ஸ்டோர் ரூம் முழுவதையும் எரியும் நிலைக்குக் கொண்டுவர அது போதும். அதனால்தான் படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் போர்டுக்குப் பக்கத்திலோ, இன்வெர்ட்டர் இருக்கும் மூலையிலோ, மூடிய அலமாரியிலோ வைக்கக் கூடாது. அடுப்பைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் துரு ஏறியிருக்கிறதா என்று டப்பாவின் அடிவிளிம்பைத் தடவிப் பார்ப்பது நல்லது.

அப்படித் தடவியபோது ஒன்றில் விரலில் செம்பொடி ஒட்டியது. மேலே மரையிலும் துரு ஏறி, அடுப்பே ஏறவில்லை. கூடாரம் வாடகைக்கு விடும் கடையில் ஒரு பையன் பழைய பல் துலக்கியால் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தன் அடுப்பில் பொருத்திப் பார்த்தான். சோப்புத் தண்ணீர் தடவியும் குமிழி வரவில்லை. அன்று மாலைத் தேநீர் அதில்தான் கொதித்தது.

இனிமேல் வாங்குவதானால் 100 கிராம் சின்ன டப்பாதான். வாங்கிய அன்றே எடை போட்டு, அடியில் மார்க்கரால் எழுதிவிடுகிறேன்.