நிழல் குறுகுமுன்: மணற்காட்டு நாட்குறிப்பு

2025 ஓகஸ்ட் 12, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை வடமராட்சி மணற்காட்டு மணல்மேடுகளில் நடக்கப் போகிறவர்கள் முதலில் நேரத்தைப் பேசி முடிக்க வேணும். யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு தடவை: ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும். ஆகவே இந்த நாட்களில் நண்பகல் நிழல் காலடிக்குள் அடங்கிவிடும். கடிகாரத்தைவிட நிழலைப் பார்ப்பது நல்லது. உங்கள் நிழல் உங்கள் உயரத்திலும் குறைந்தால் சூரியன் 45 பாகைக்கு மேல் ஏறிவிட்டது. இப்போது அது காலை ஒன்பது மணி தாண்டியதுமே நடக்கும். அதற்குள் சவுக்கு மர நிழலுக்குத் திரும்பிவிட வேணும்.

தூரத்தையும் குறைத்தே போடுங்கள். உதிர்மணலில் கால் புதைந்து வழுக்குவதால், தார் றோட்டில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி போகும். றோட்டில் நாலு கிலோமீற்றர் நடக்கிறவருக்கு இங்கே ஒன்றரை போதும்.

ஓகஸ்ட் 14, வியாழன்

தண்ணீர்: நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஆளுக்கு அரை முதல் முக்கால் லீற்றர். மூன்று மணி நேரத்துக்கு இரண்டு லீற்றர், அதற்கு மேல் ஒரு போத்தல் தொடாமல் இருக்க வேணும். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருக்கா நாலு மிடறு. ஒரே மூச்சில் அதிகம் குடித்தால் இரத்தத்தில் உப்பு ஐதாகும், அதுவும் ஆபத்து.

ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) கிடைக்காவிட்டால் கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கையால் அள்ளிப் போடக்கூடாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போன உப்பை அது முழுதாக ஈடுசெய்யாது. உப்புப் போட்ட மோர் அதைவிட உதவும்.

நீர் போகிற குளிசை, பிரஷர் குளிசை எடுப்பவர்களை வெயில் சீக்கிரம் தாக்கலாம். குளிசையைத் தாங்களாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

வல்லிபுரக் கோவிலடி தாண்டினால் நிழல் குறைவு. போத்தல்களை அதற்கு முன்பே நிரப்பிவிட வேணும். மேட்டில் இராவணன் மீசைப் புல் படர்ந்த இடங்களில் செருப்பு போதாது, அதன் முனை ஊசியாய் ஏறும். அடம்பன் கொடியை மிதித்து அறுக்க வேண்டாம். மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

மணல்மேட்டின் செங்குத்தான பக்கம் ஏறத்தாழ 34 பாகைச் சரிவில் நிற்கும். கீழே தோண்டினால் மேலே உள்ளது சரிந்து வரும். பிள்ளைகள் குகை தோண்டி உள்ளே தவழ விடவே கூடாது; மூடிய மணல் நெஞ்சை விரிய விடாது. குழி முழங்கால் ஆழத்தோடு நிற்கட்டும்.

சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும்போது வியர்வை உடனே காய்ந்துவிடும். வியர்க்கவில்லை, களைப்பில்லை என்று தோன்றும். அப்போது சட்டையில் வெள்ளையாய் உப்புக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் ஏற்கனவே பிந்திவிட்டது.

ஓகஸ்ட் 18, திங்கள்

வெயிலின் எச்சரிக்கை படிப்படியாக வரும்: தலையிடி, கெண்டைக்கால் பிடிப்பு, தலைச்சுத்து, சத்தி. இந்தக் கட்டத்தில் நிழல், தண்ணீர், கால் உயர்த்திப் படுக்கை என்பவற்றோடு அநேகமாகச் சரிவரும். அடுத்த கட்டத்தில் உடல் வெப்பம் 40 பாகை செல்சியஸ் தாண்டும். பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். உடம்பு வியர்த்திருக்கலாம், காய்ந்தும் இருக்கலாம். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எனக்குப் பயமான இடம் இதுதான். சூடு ஏற ஏற முதலில் மங்குவது புத்தி. "எனக்கு ஒண்டுமில்லை, நீங்கள் நடவுங்கோ" என்று அவர் சொல்வதே அறிகுறியாக இருக்கும். அதனால் திரும்பும் முடிவை அவரிடம் விடாமல் புறப்படுமுன்னே பேசி வைக்க வேணும். இரண்டு இரண்டு பேராய்ப் போங்கள், ஒருவர் "திரும்புவம்" என்றால் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது.

குழறத் தொடங்கினால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேணும். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், கவட்டில் வையுங்கள். நினைவு தடுமாறுபவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இது காய்ச்சல் இல்லை, பனடோல் கேட்காது.

ஓகஸ்ட் 21, வியாழன்

அடுத்ததாகச் சுண்டிக்குளம் கேட்கிறார்கள். 1938இல் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. பறவைகளுக்காகப் போகலாம், ஆனால் பாவனையில் உள்ள பாதையை விட்டு இறங்கக் கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ணிவெடிக்கானது என்று முகமாலையைக் கடந்து போய்வரும் எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பலகை விழுந்திருக்கலாம், வெள்ளம் வெடிபொருளை இடம் மாற்றியிருக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் நின்ற இடத்திலேயே நின்று மற்றவர்களையும் நிறுத்துங்கள். தொடாமல், கல்லெறியாமல், பொலிசுக்கு அறிவியுங்கள்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

மேடு ஏறும்போது நெஞ்சை இறுக்கி, நின்றால் விடுகிற நோவைப் பற்றியும் எழுத வேணும். எங்கள் ஊரில் அதற்கு உடனே வாய்வு என்று பெயர் வைத்து, சோடா குடித்துப் பார்ப்பார்கள். ஏறினால் வந்து ஆறினால் போவது இதயத்துக்கு இரத்தம் போதாததன் அடையாளமாக இருக்கலாம். நின்ற பிறகும் விடாமல், தாடைக்கோ இடக்கைக்கோ பரவி, குளிர்ந்து வியர்த்தால் சோடாவுக்கு நேரமில்லை. சீனி வருத்தக்காரருக்கும் பெண்களுக்கும் நோவே இல்லாமல் மூச்சிழுப்பும் சத்தியும் மட்டும் வரலாம்.

நோவு வந்தவரை நடக்க விடாமல் இருத்தி, மந்திகை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்யுங்கள். அங்கே முதல் ஈசிஜி சாதாரணமாக வந்தது என்று எழுந்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். மாரடைப்பு அதில் தெரியாமல் போகலாம், இதயத் தசை பழுதானால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறவும் சில மணி நேரம் எடுக்கும். இரண்டாவது சோதனைக்கும் இருந்துவிட்டு வாருங்கள்.