எந்தப் பக்கம், மகள்?

முதல் பயணத்துக்கு நான் குறித்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்திலிருந்து 32 மாணவர்களையும் 3 ஆசிரியர்களையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்கு வெளிக்கிட்ட பஸ், கிளிநொச்சி, வவுனியா, அனுராதபுரம் தாண்டி, சுமார் 270 கிலோமீற்றர் ஓடிப் புத்தளத்துக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. ஜும்ஆ தொழுகைக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களை வரவேற்க நின்ற ஆண்களுக்குப் பள்ளிவாசலுக்குப் போவதா, எங்களை விட்டுவிட்டுப் போகலாமா என்ற தவிப்பு. தொழுகை முடிந்து அவர்கள் அவசரமாகத் திரும்பி வந்து பரிமாறிய சஹன்களில், பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டுகளில், ஆட்டிறைச்சி பிரியாணி. எங்கள் பிள்ளைகளில் 14 பேர் வெள்ளிக்கிழமையில் மச்சம், இறைச்சி தொடாத வீட்டுப் பிள்ளைகள்.

தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டுக்கும் இடையே புரிந்துணர்வை வளர்ப்பதற்கான பரிமாற்றப் பயணம் என்று அந்தத் திட்டத்தை எழுதியவள் நான்தான். பஸ், மண்டபம், பதாகை எல்லாவற்றுக்கும் பத்துத் தரம் போன் எடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு என்ன நாள், எங்களுக்கு என்ன நாள் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

சமையலுக்குப் பொறுப்பாக நின்ற அக்காவிடம், அவர்கள் சொல்லில் ராத்தாவிடம், போய் விஷயத்தைச் சொன்னேன். நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கும் முன்பே அவர் அடுப்படிக்குள் போய்விட்டார். முக்கால் மணித்தியாலத்தில் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பொரித்த அப்பளமும் வந்தன. புதுச் சட்டியில் வைத்ததாக அவரே எங்கள் ஆசிரியை ஒருவரிடம் மெதுவாகச் சொன்னார். நாங்கள் கேட்காத கேள்விக்கு அது பதில். எங்கள் வீடுகளில் என்ன பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பிறந்து இருபத்தாறு வயது வரை வாழ்ந்தது யாழ்ப்பாணத்தில், முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவில்.

இதைத்தான் நான் அந்த வேலையில் பிந்திப் புரிந்துகொண்டேன். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு சமூகங்களை நாங்கள் அறிமுகப்படுத்தவில்லை. அவர்களுக்கு எங்களைத் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்குத்தான் அவர்களைத் தெரியாது.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000 பேருக்கும் மேல். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலானவர்கள் புத்தளம் மாவட்டத்தில் கிடுகுக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். நான் 2012இல் இணைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தபோது பலருக்குக் கல்வீடு இருந்தது. ஆனாலும் அந்த ஊர்க்காரர் வாயில் அவர்கள் இன்னும் 'அகதி'தான்.

எங்கள் தரம் 11 மாணவர்களில் பாதிப்பேருக்கு யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் பெருந்தொகையாக இருந்தார்கள் என்பதே புதிது. 1955இல் யாழ்ப்பாண நகரின் மேயராக இருந்தவர் எம். எம். சுல்தான் என்று பயணத்துக்கு முந்திய வகுப்பில் சொன்னபோது, "எங்கட யாழ்ப்பாணமோ, மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். இலங்கையின் முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரியான ஏ. எம். ஏ. அசீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ் இந்துக் கல்லூரியில் படித்தவர் என்றதும் அந்தப் பாடசாலைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வகுப்பை எடுப்பதற்கு முதல் மாதம்வரை எனக்கே இந்த இரண்டு பெயரும் தெரியாது.

முதல் பயணத்தின் மிச்ச நிகழ்ச்சிகளை வேகமாகக் கடக்கலாம். மௌலவி ஒருவர் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பிள்ளைகள் பரீட்சைக்குப் போல நோட்ஸ் எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு நடனம், அவர்கள் பக்கத்தில் கஸீதா என்ற புகழ்ப்பாட்டு ஒன்று. கடைசியில் மதிப்பீட்டுப் படிவம், எல்லாரும் 'மிகவும் நன்று'. அந்தப் படிவங்களை வைத்து நான் எழுதிய அறிக்கை பாராட்டும் வாங்கியது. 1990 பற்றி மேடையில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவேண்டாம் என்று இரண்டு பக்கத்துக்கும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டவளும் நான்தான். பிரச்சினை வந்துவிடும் என்று பயம்.

அன்று பின்னேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது முன்வீட்டு விறாந்தையில் தையல் மெஷினோடு இருந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டார். எழுபது வயதுக்குக் கிட்ட இருக்கும்.

"எந்தப் பக்கம், மகள்?"

"கந்தர்மடம், நானா" என்று, அண்ணனுக்கு அவர்கள் சொல்லும் சொல்லாலேயே பதில் சொன்னேன்.

"கந்தர்மடத்தில அரசடி ரோட்டோ, பலாலி ரோட்டோ?"

அரசடி வீதி என்றேன். சந்தியிலிருந்து எத்தனையாவது வீடு, பக்கத்தில் ஒரு சங்கக்கடை இருந்ததே, அதற்கு முன்னமோ பின்னமோ என்று கேட்டுக்கொண்டே போனார். எங்கள் ஒழுங்கையை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 22 வருடமாகப் புத்தளத்தில் இருந்தும் அவர் பேச்சில் யாழ்ப்பாணத்து இழுவை மாறவேயில்லை. பேச்சோடு பேச்சாக, "ஒக்டோபர் 30, அந்த நாளை மறக்கேலுமோ?" என்றார். "ஓம் நானா, மறக்கேலாது" என்று நானும் சொன்னேன்.

சொல்லும்போது என் நினைவில் இருந்தது 1995. ஒக்டோபர் 30 என்றால் எங்களுக்கு அதுதான். இராணுவம் முன்னேறிக்கொண்டிருக்க, யாழ்ப்பாண நகரமும் சேர்ந்த வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. எனக்குப் பதினொரு வயது. மழை. அம்மம்மாவைச் சைக்கிளில் வைத்து அப்பா உருட்ட, நான் கரியரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் சொன்னது 1990 என்பது எனக்கு உறைக்கச் சில விநாடி பிடித்தது. ஐந்து வருட இடைவெளியில் இரண்டும் ஒரே திகதி. பாதி வாழ்நாள் அந்தத் திகதியை நான் எங்களுடையது என்று மட்டும் நினைத்திருந்தேன்.

அதை அவரிடம் சொன்னேன். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது நானா என்று, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து. அவர் தலையை ஆட்டினார். உள்ளே வாசலில் நின்ற அவருடைய மகள் தலையாட்டவில்லை. இடம்பெயர்ந்த அடுத்த வருடம் கொட்டிலில் பிறந்த பிள்ளை, அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க ஆமி வருகுதெண்டு வெளிக்கிட்டீங்க. ஆறு மாதத்தில திரும்பிப் போய்ட்டீங்க. எங்களைப் போகச்சொன்னது எங்கட பாஷை பேசின ஆக்கள். பக்கத்து வீடெல்லாம் பாத்துக்கொண்டு நிண்டது. ரெண்டும் ஒண்டில்லை."

கோபமாகச் சொல்லவில்லை. சரியாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சொன்னாள். திரும்பி வரும் வழி முழுக்க எனக்கு அதுவேதான். இன்னொருவர் தன் கதையைத் தொடங்கியதும் நம் கதையை எடுத்துப் பக்கத்தில் வைப்பதை நான் அதுவரை அனுதாபம் என்று நினைத்திருந்தேன். அப்படி வைத்ததும் அவர்கள் கதை நின்றுவிடுகிறது.

எங்கள் ஆசிரியர் ஒருவர் வேறுவிதமாகக் கேட்டார். கிழக்கில் தமிழ்க் கிராமங்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் செய்ததை யார் பேசுவது என்று. நியாயமான கேள்வி. அவருடைய சொந்தக்காரர் அங்கே இறந்திருந்தார்கள். 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதையும் பேசவேண்டும், அந்தக் கிராமங்களையும் பேசவேண்டும். ஆனால் ஒரு கிழவர் தன் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது அதற்குப் பதிலாக எடுத்து வீசுவதற்கல்ல. அந்த ஆசிரியரோடு இதைப் பேசி ஒரு முடிவுக்கு வர எனக்கு ஒரு வருடம் எடுத்தது. அடுத்தடுத்த பயணங்களுக்கெல்லாம் அவர்தான் முதலில் பெயர் கொடுத்தார்.

அதன் பிறகு பயணத்தை மாற்றினோம். மண்டபம் இல்லை, பதாகை இல்லை, ஒருநாள் பயணமும் இல்லை. வியாழனும் வெள்ளியும் தவிர்த்து, பிள்ளைகள் இரண்டு இரவு வீடுகளில் தங்கினார்கள். இதற்குப் பெற்றோரின் சம்மதம் வாங்குவது லேசான வேலை இல்லை. வீடு வீடாகப் போய் இருந்து பேசினோம். 32 பேராக இருந்த தொகை 12 ஆகக் குறைந்தது. தொகை குறைந்ததற்கு அலுவலகத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு நாள் வகுப்பு வைத்தோம். முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான், அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டது: எந்தப் பக்கம்?

இரண்டாம் பயணத்தில் நான் பார்த்த ஒரு கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ராத்தா வீட்டில் சஹனைச் சுற்றி ஐந்து பெண்பிள்ளைகள், இரண்டு பேர் எங்களோடு வந்தவர்கள். அதில் ஒருத்தியின் கை சோற்றுக்கு மேலே அப்படியே நின்றது. ஒரே தட்டில் சாப்பிடுவதை எச்சில் என்று சொல்லி வளர்க்கும் ஊர் எங்களுடையது. யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் குடிக்கக்கூடாது என்று சாதி பார்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஊரும்தான். ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. அவள் பக்கத்துச் சோற்றைக் கொஞ்சம் பிரித்து, அவளுக்கென்று ஒரு கரை கட்டிவிட்டார். அவள் அந்தக் கரைக்குள் சாப்பிடத் தொடங்கினாள். மூன்றாம் நாள் காலை இடியப்பத்துக்குக் கரை இருக்கவில்லை.

தையல்கார நானாவிடம் தங்கிய பையன்களுக்கு அவர் வேறொரு கணக்குச் சொல்லியிருந்தார். வெளியேறிய அன்று அவர் கடைக்குள் 17 பேருடைய துணி இருந்தது. வெட்டினது பாதி, வெட்டாதது பாதி. "தந்த ஆக்கள் என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பினம்?" என்று கேட்டாராம். வீடு போனது, கடை போனது, இரண்டு மெஷின் போனது. 23 வருடமாக அவரை உறுத்தியது அந்தத் துணி. 2002இல் புலிகள் தரப்பிலிருந்து மன்னிப்பு வந்தது பற்றிப் பையன்கள் கேட்டதற்கு, "பேப்பரில வந்தது, வாசிச்சன். தெருவில இருந்து ஒராள் வந்து எப்படி இருக்கிறீங்க எண்டு கேட்டிருந்தா அது வேற" என்றிருக்கிறார்.

17 பேரில் ஏழு பேருடைய பெயரை அவர் சொன்னார். ஊருக்கு வந்ததும் பையன்கள் தேடத் தொடங்கினார்கள். நான் சொல்லிச் செய்யவில்லை. மூன்று பேர் வெளிநாடு, இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை. வண்ணார்பண்ணையில் ஒரு அம்மா கிடைத்தார். மகளுடைய சாமத்திய வீட்டுக்குச் சட்டைத்துணி கொடுத்திருந்தவர். விஷயத்தைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"ரெண்டு மூண்டு நாள் கழிச்சுக் கடையடிக்குப் போய்ப் பாத்தனான், பிள்ளை. கதவு உடைஞ்சு கிடந்தது, ஒண்டும் இல்லை. என்ரை துணி போச்சே எண்டுதான் அண்டைக்குக் கவலைப்பட்டனான். அந்த மனிசன் எங்கை போனாரோ எண்டு நினைக்கேல்லை."

அடுத்த வருடம் புத்தளத்திலிருந்து 15 பேர் யாழ்ப்பாணம் வந்தார்கள். சோனகதெருவில் ராத்தாவின் வீட்டுக்குக் கூரை இல்லை, நிலைக்கதவு இல்லை, நடு அறைக்குள் ஒரு ஆலங்கன்று சுவரைப் பிளந்து வளர்ந்திருந்தது. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்தில் வாளி வாங்கி ஒரு வாளி அள்ளி முகம் கழுவினார். திரும்பி வந்து இருக்கலாமே என்று எங்கள் பிள்ளை ஒருத்தி கேட்டதற்கு, மகன் அங்கே கலியாணம் கட்டிவிட்டான், பேரப்பிள்ளைகளின் பாடசாலை அங்கே, இங்கே வந்தால் காணிப் பதிவிலிருந்து எல்லாம் முதலில் இருந்து என்றார். ஊர் என்பது அவருக்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

நானாவை வண்ணார்பண்ணை வீட்டுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கும்பிடுவதா, சலாம் சொல்வதா என்று அந்த அம்மா காலையிலிருந்து யோசித்திருக்கிறார். அவர் படியேறியதும் இரண்டும் மறந்து, "வாங்கோ, வெயிலுக்குள்ளால வந்திட்டியள்" என்றார். அரை மணித்தியாலம் அந்தத் துணியின் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். அம்மா மாம்பழ மஞ்சள் என்றார். அவர் இல்லை, குங்குமம், கரைக்குத்தான் மஞ்சள், ரெண்டே கால் யார்ட் என்றார். வேறொன்றும் பேசவில்லை. எனக்குப் பேசச்சொல்லித் தூண்டத் தோன்றவும் இல்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு பயணங்கள் நின்றன. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அடுத்த மாதம் பெற்றோர் ஒவ்வொருவராகப் போன் எடுத்துப் பெயரை வெட்டச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்குள்ளேயே நான் கேட்ட பேச்சுகளை இங்கே எழுத விரும்பவில்லை. மே நடுப்பகுதியில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, புத்தளம் மாவட்டத்திலும். அந்த இரவு ஒன்பது மணிக்கு வண்ணார்பண்ணை அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"டிவியில காட்டுறாங்கள், பிள்ளை. எங்கட டெயிலர் இருக்கிற பக்கமோ? அவரையும் பிள்ளையையும் கொஞ்ச நாளைக்கு இங்கை வந்து நிக்கச் சொல்லு. அறையைக் கூட்டி வச்சிருக்கிறன்."

ஊரடங்கில் பஸ் ஓடவில்லை, அவர்கள் வர வழியும் இல்லை. இருந்தாலும் நானாவிடம் அப்படியே போனில் எடுத்துச் சொன்னேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எந்த அறை?" என்று கேட்டார். "கிணத்தடிப் பக்கம் இருக்கிறதோ?"