கூடாரம் தைத்த தையல்காரர்

நேற்று இரவு பிரிட்டனின் 'கேம்பிங் அண்ட் கேரவானிங் கிளப்' (கூடாரம் அடித்து வெட்டவெளியில் தங்குபவர்களின் சங்கம்) வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. காரணம் ஒரே ஒரு மனிதர்: தாமஸ் ஹைரம் ஹோல்டிங்.

லண்டனில் அவர் தையல்காரர். 1853-இல், சிறுவனாகப் பெற்றோருடன், வரிசையாகச் செல்லும் வண்டிக் கூட்டத்தோடு அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்தவர். அந்த வெட்டவெளி வாசம் கடைசிவரை அவரை விடவில்லை. பிறகு ஸ்காட்லாந்தில் படகோடு முகாம், அயர்லாந்தின் கொனமாராவில் சைக்கிளோடு முகாம். 1901-இல் இங்கிலாந்தின் வாண்டேஜ் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு, அவர் தொடங்கிய சங்கத்தின் முதல் முகாம். அந்தச் சங்கம்தான் இன்று லட்சக்கணக்கான உறுப்பினர்களோடு நிற்கிறது.

என் அப்பாவும் தையல்காரர். அதனால்தானோ என்னவோ, ஒரு விஷயத்திலேயே மனம் நின்றுவிட்டது. அந்தக் காலக் கூடாரம் என்றால் ராணுவக் கான்வாஸ். சுமக்க வண்டி வேண்டும். இவரோ மெல்லிய பட்டுத்துணியில் கூடாரம் தைத்தார். சைக்கிளில் கட்டிப்போக வேண்டுமே! துணியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, இது காற்றைத் தாங்குமா, மடித்தால் எவ்வளவு சிறிதாகும் என்று யோசித்திருப்பார். அப்பாவும் அப்படித்தான், கடையில் துணியைத் தொட்டுப் பார்க்காமல் விலை கேட்கமாட்டார்.

ஹோல்டிங் 1930-இல் மறைந்தார். சங்கம் இன்னும் தன் வரலாற்றை அவர் பெயரில்தான் தொடங்குகிறது. அதைப் படித்தபோது கண் கலங்கியது. காலையில் முதல் வேலையாக அப்பாவுக்கு ஃபோன் செய்து ஹோல்டிங் கதையைச் சொன்னேன். "பட்டா? தையல் எப்படிப் போட்டாராம்?" என்றுதான் முதலில் கேட்டார்.