புயல் பணியில் இறந்தவரின் குடும்ப ஓய்வூதியம்: நாங்கள் கடந்து வந்த நடைமுறையும் இன்னும் சேர்க்கப்பட வேண்டியவர்களும்

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு அருகே கரையைக் கடந்து, மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, வலுக்குறைந்து, எங்கள் இராமநாதபுரம் கரையை ஒட்டி நகராமல் நின்றிருந்த நாட்களில், என் கணவர் அலுவலகப் பணிக்காகச் சென்று திரும்பும் வழியில் வாகன விபத்தில் இறந்தார். அவர் மத்திய அரசின் துறை ஒன்றில் நிரந்தரத் தொழில்நுட்ப ஊழியர். அதே வண்டியில் அவருக்கு உதவியாகச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரும் அந்த விபத்தில் இறந்தார். துறையின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன். எனக்குச் சேர வேண்டிய சிறப்புக் குடும்ப ஓய்வூதியத்தை எப்படிப் பெற்றேன் என்பதையும், என்னைப் போலவே கணவரை இழந்த அந்தப் பெண்ணுக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுவதே என் நோக்கம்.

பணியில் இருக்கும்போது இறக்கும் மத்திய அரசு ஊழியரின் குடும்பத்துக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. முதல் பத்து ஆண்டுகளுக்குக் கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 விழுக்காடும், அதன் பிறகு 30 விழுக்காடும் கிடைக்கும். ஆனால் இறப்புக்குப் பணியே காரணம் என்று ஏற்கப்பட்டால், அலுவலகங்களில் எக்ஸ்ட்ரா ஆர்டினரி ஃபேமிலி பென்ஷன் என்று சொல்லப்படும் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். அது 60 விழுக்காடு. பத்து ஆண்டு கடந்தாலும் குறையாது. விதிகள் இறப்புகளை ஐந்து வகைகளாகப் பிரிக்கின்றன. பணியோடு தொடர்பில்லாத இயற்கை மரணம் முதல் வகை. கடமையைச் செய்யும்போது நேரும் விபத்து மூன்றாம் வகை. அலுவல் பயணத்தில் நேரும் விபத்து, கடலில் நேரும் விபத்து, பணியின்போது மின்சாரம் தாக்குதல் ஆகியவை அதற்கு எடுத்துக்காட்டுகளாகத் தரப்பட்டுள்ளன. என் கணவரின் மரணம் எந்த வகையில் எழுதப்படுகிறதோ அதைப் பொறுத்தே என் வாழ்நாள் வருமானம் அமையும் என்பதை, எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வந்து விளக்கினார். "டீச்சரம்மா, முதல்ல வகையைப் பாருங்க, தொகை பின்னாடி தானா வரும்" என்றார். அந்த வேளையில் அதைக் கேட்கவே மனம் ஒப்பவில்லை. இருந்தாலும் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் அதற்கு ஈடாக வேறொன்றில்லை.

முதலில் எழுந்த கேள்வி, என் கணவருக்கு இந்த விதிகள் பொருந்துமா என்பது. அவர் 2004 ஜனவரி 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர். ஆகவே ஊழியரும் அரசும் பங்கு செலுத்தும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர். அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்தவர்கள் தொடக்கத்தில் பழைய ஓய்வூதிய விதிகளுக்கும் சிறப்பு ஓய்வூதிய விதிகளுக்கும் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். பணியில் இறப்பவர்களின் குடும்பங்கள் இதனால் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பது தெரிந்த பிறகு, 2009 மே மாதம் மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டது. இறப்பும் ஊனமும் நேரும்போது, பழைய விதிகளின் பலன்கள் இவர்களுக்கும் தற்காலிகமாக வழங்கப்படும் என்றது அந்த ஆணை. 2021 மார்ச்சில் அது முறையான விதிகளாகவே ஆகிவிட்டது. கணவரின் அலுவலகத்தில் கோப்பைக் கையாண்டவர், "புதிய திட்டத்தில் இருந்தவருக்கு ஓய்வூதியம் கிடையாது, கணக்கில் சேர்ந்த தொகை மட்டுமே கிடைக்கும்" என்று முதலில் சொல்லிவிட்டார். 2009 ஆணையின் நகலை விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்த பின்பே கோப்பு நகர்ந்தது. இந்தப் பலனைப் பெறும்போது, ஓய்வூதியக் கணக்கில் அரசு செலுத்திய பங்கும் அதன் வளர்ச்சியும் அரசுக்குத் திரும்பிவிடும். ஊழியர் செலுத்திய பங்கும் அதன் வளர்ச்சியும் குடும்பத்துக்கு வரும். இதை முன்பே தெரிந்துகொண்டால், பிற்பாடு பணம் குறைந்துவிட்டதாகக் கலங்க வேண்டியிருக்காது.

இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் அலுவலகத்தின் வாரிசுச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைப் பெறுவதில் பெரிய சிக்கல் இல்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வருவாய் ஆய்வாளரின் விசாரணை முடிந்ததும் வாரிசுச் சான்றிதழ் வந்தது.

சிக்கலெல்லாம் அவர் அன்று பணியில்தான் இருந்தார் என்று நிறுவுவதில்தான் இருந்தது. டிசம்பர் 4 அன்று இராமநாதபுரம் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்குத் தமிழ்நாடு அரசு பொது விடுமுறை அறிவித்திருந்தது. விபத்து நடந்தது அதே நாளில். கடலை ஒட்டியிருந்த கட்டடத்தில் தண்ணீர் ஏறும் முன் கருவிகளையும் மின்கலங்களையும் மேல்தளத்துக்கு மாற்றிவிட்டு வரும்படி, முந்தைய நாள் மாலையில் அவருடைய அதிகாரி கைபேசியில் சொல்லியிருந்தார். இரவில் வாட்ஸ்அப்பில் ஒரு வரிச் செய்தியும் அனுப்பியிருந்தார். எழுத்து மூலமான பணி ஆணை எதுவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் அன்று கையொப்பம் இல்லை. விடுமுறை நாளில் பதிவேட்டை யார் திறப்பார்கள்? அலுவலக வண்டி பழுதாகி நின்றதால் அவர்கள் வாடகை வண்டியில் சென்றார்கள். விடுமுறை நாளில், ஆணையில்லாமல், அரசுக்குச் சொந்தமில்லாத வண்டியில் சென்றவர் பணியில் இருந்ததாக எவ்வாறு கொள்வது என்று மேல் அலுவலகம் குறிப்பெழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்பியது. அந்தக் குறிப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நகல் பெற்றுப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனையை இங்கே விரித்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தேடியதே எங்கள் வழக்கின் மையம் என்பதால், விடை கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

கணவரின் கைபேசியை நான் யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதிகாரியின் செய்தியைத் தேதியும் நேரமும் தெரியும்படி அச்சிட்டு, அந்தச் செய்தி தம்முடையதே என்று அவரிடமே எழுத்தில் கேட்டேன். அவர் தயங்கினாலும் மறுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அவருக்கு நான் என்றும் நன்றியுடையவள். வாடகை வண்டிக்கான கட்டணச் சீட்டை அலுவலகமே பின்னர்ச் செலவுக் கணக்கில் ஏற்றிப் பணம் வழங்கியிருந்தது. பணி இல்லை என்றால் அந்தச் செலவை அரசுக் கணக்கில் ஏற்றியிருக்க முடியாது. அந்தச் சீட்டின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவே பெற்றோம். அவர் அங்கே என்ன வேலையை முடித்தார் என்பதற்கு, மேல்தளத்தில் அடுக்கப்பட்டிருந்த கருவிகளைக் காவலாளி தம் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தது சான்றாயிற்று. இவற்றைச் சேர்த்து மறு விண்ணப்பம் கொடுத்தேன். அதோடு ஓய்வூதியர்களுக்கான சிபென்கிராம்ஸ் குறைதீர் இணையதளத்திலும் பதிவு செய்தேன். அதன் பின்னர், இறப்பு மூன்றாம் வகையைச் சார்ந்தது என்று ஏற்கப்பட்டு ஆணை வந்தது. இடைப்பட்ட காலத்தில் தற்காலிகக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்ததால்தான் பிள்ளைகளின் படிப்பு நிற்கவில்லை.

கருணைத் தொகை பற்றியும் சொல்ல வேண்டும். பணியின்போது விபத்தில் இறக்கும் மத்திய அரசுக் குடிமைப் பணியாளரின் குடும்பத்துக்கு, 2016 முதல் நடைமுறையில் உள்ள ஆணைப்படி 25 லட்சம் ரூபாய் உண்டு. எங்களுக்கும் அது வழங்கப்பட்டது. அதே ஆணையில் 35 லட்சம் ரூபாய்க்கு ஒரு பிரிவு இருக்கிறது: குறிப்பிட்ட உயர்ந்த மலைப்பகுதிகள், எளிதில் அணுக முடியாத எல்லை நிலைகள் போன்ற இடங்களில் பணியாற்றும்போது, இயற்கைப் பேரிடராலும் கடுமையான வானிலையாலும் இறப்பவர்களுக்கானது அது. பனிச்சரிவில் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு அது கிடைப்பது முற்றிலும் நியாயமே. ஆனால் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கும் நேரத்தில் பாம்பனிலும் மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் வேலைக்கு அனுப்பப்படுகிறவர் எதிர்கொள்வதும் கடுமையான வானிலைதான். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனபோது, அதில் பணியில் இருந்த ரயில்வே ஊழியர்களும் பயணிகளோடு சேர்ந்தே மாண்டார்கள். இந்தக் கரையில் பேரிடர்ப் பணி எப்படிப்பட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அந்தப் பிரிவில் கடற்கரையும் இடம்பெற வேண்டும்.

என்னை உறுத்திக்கொண்டே இருப்பது இதைவிடப் பெரிய குறை. என் கணவரோடு இறந்த தொழிலாளரின் மனைவி என்னை அக்கா என்றுதான் அழைப்பார். எனக்கு ஆணை வந்த செய்தியை அவரிடம் எப்படிச் சொல்வது என்று பல நாள் தயங்கினேன். இருவரும் ஒரே அதிகாரியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, ஒரே வண்டியில் ஏறி, ஒரே கருவிகளைத் தூக்கி வைத்தவர்கள். ஆனால் அவர் ஒப்பந்ததாரரின் ஆள் என்பதால், ஓய்வூதிய விதிகளில் அவருக்கு இடமே இல்லை. ஒப்பந்ததாரர் அவரை இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யவும் இல்லை. பதிவு செய்திருந்தால் சார்ந்தோர் உதவியாக மாதந்தோறும் ஒரு தொகை வந்திருக்கும். எஞ்சியிருந்த ஒரே வழி அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதன்படி மாதக் கூலியில் பாதியை வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டியிருந்தது. கூலி எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு அப்போது 15,000 ரூபாய். இறந்தவருக்கு வயது 35. அந்த வயதுக்குரிய காரணி 197.06. ஆகவே 7,500-ஐ அதனால் பெருக்க, 14,77,950 ரூபாய் வந்தது. ஒப்பந்ததாரர் கைவிரித்தாலும், வேலையை வாங்கிய முதன்மை முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கூறியது. இதைச் சுட்டிக்காட்டி இழப்பீட்டு ஆணையர் முன் மனுத் தாக்கல் செய்ய அவருக்குத் துணை நின்றேன். என் கோப்புக்காகத் திரட்டிய வாட்ஸ்அப் செய்தியும் வண்டிச் சீட்டும் காவலாளியின் பதிவேடும் அவருக்கும் சான்றுகளாயின. தொகையும், செலுத்தத் தாமதித்ததற்கான 12 விழுக்காடு வட்டியும் வந்து சேர்ந்தன. ஆனால் அது ஒருமுறை வரும் பணம். மாதம் பிறந்தால் வரும் ஓய்வூதியத்துக்கு அது ஈடாகாது. அகவிலைப்படி உயரும்போது என் ஓய்வூதியம் உயர்கிறது. அவருடைய வைப்புத்தொகையோ மகளின் கல்லூரிக் கட்டணத்தோடு கரைகிறது.

இந்த வேறுபாட்டை நீக்குவதற்கு வேண்டிய அடிப்படை, அரசின் ஏடுகளிலேயே ஏற்கனவே இருக்கிறது. மாநிலப் பேரிடர் மீட்பு நிதியிலிருந்து இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்குவதற்கான நெறிமுறையில், மீட்புப் பணியில் ஈடுபட்டவர்களும் பேரிடருக்கு முன்னேற்பாடு செய்தவர்களும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளனர். அவர் நிரந்தர ஊழியரா, தினக்கூலியா என்று அந்த நெறிமுறை கேட்பதில்லை. இறப்பின் காரணத்தை உரிய அலுவலர் சான்றளித்தால் போதும். நிவாரண நிதிக்கு ஏற்புடைய இந்த அளவுகோல் ஓய்வூதியத்துக்கு மட்டும் ஏன் ஏற்புடையதாகக் கூடாது? இந்த மாவட்டத்தில் புயல் வரும்போது மின்கம்பத்தில் ஏறுகிறவர்களிலும், பாதுகாப்பு மையத்தில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களிலும், விழுந்த மரங்களை அறுத்து அகற்றும் பேரூராட்சித் தொழிலாளர்களிலும் நிரந்தரமல்லாதவர்கள் இருக்கிறார்கள். மாநில அரசில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு நிரந்தரமாகச் சேர்ந்தவர்களுக்குக்கூட, என் கணவர் இறந்த காலத்தில், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் குடும்ப ஓய்வூதியம் இருக்கவில்லை.

வேறொரு நாட்டு முன்மாதிரியும் நமக்கு உதவும். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் இடிபாடுகளில் மீட்பிலும் துப்புரவிலும் ஈடுபட்ட அரசு ஊழியர்களுக்காக, அந்த மாநிலம் 2005-இல் ஒரு சட்டம் இயற்றியது. அவர்களுக்குக் குறிப்பிட்ட நோய்கள் வந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அவை அந்தப் பணியால் வந்தவையாகவே கருதப்படும். ஓய்வு பெற்ற பிறகு நோய் வெளிப்பட்டாலும் ஓய்வூதியத்தை மாற்றி அமைக்கலாம். பின்னர் அந்தப் பாதுகாப்பு மேலும் பல பிரிவு ஊழியர்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. நிரூபிக்கும் சுமையை அந்தச் சட்டம் ஊழியரின் தோளிலிருந்து இறக்கிவிட்டதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. புயல் நாளில் அலுவலகம் சொல்லி ஒருவர் வெளியே சென்றார் என்றால், அவர் பணியில்தான் இருந்தார் என்று தொடங்குவதே முறை. மறுப்பவர் மறுப்புக்குச் சான்று தரட்டும். அப்படி ஒரு விதி இங்கே இருந்திருந்தால், விடுமுறை, வாடகை வண்டி, கையொப்பமில்லாத பதிவேடு என்ற குறிப்பு என் கோப்பில் எழுதப்பட்டிருக்காது.

இந்த மாவட்டத்தில் பேரிடர்ப் பணிக்குச் செல்பவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வாய்மொழி உத்தரவு வந்தால், "நீங்கள் சொன்னபடி இந்த இடத்துக்குச் செல்கிறேன்" என்று அதிகாரிக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் புறப்படச் சொல்லுங்கள். மத்திய அரசில் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள், இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு எந்தத் திட்டத்தின் பலன் வேண்டும் என்ற விருப்பப் படிவத்தை நிரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஊழியர் எழுதிக்கொடுத்த விருப்பத்தை அவர் இறந்த பிறகு குடும்பம் மாற்ற இயலாது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் குடும்பங்கள் இ.எஸ்.ஐ. பதிவு எண்ணை இன்றே கேட்டு வாங்குங்கள். இழப்பீட்டு மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

நானும் அந்தத் தங்கையும் சேர்ந்து, பேரிடர்ப் பணியில் இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் சிறப்புக் குடும்ப ஓய்வூதியத்தை விரிவாக்க வேண்டும் என்று கோரும் மனுவை மத்திய ஓய்வூதியத் துறைக்கும் மாநில நிதித்துறைக்கும் அனுப்பியிருக்கிறோம். 2004-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு 2009-இல் திறக்கப்பட்ட கதவு இவர்களுக்கும் திறக்கப்பட வேண்டும் என்பதே அந்த மனுவின் முதல் பத்தி. இதே நிலையில் உள்ள குடும்பங்கள் இந்தக் கரையில் எங்கிருந்தாலும் தங்கள் பெயரில் தனித்தனியே இதுபோன்ற மனுவை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு உதவி வேண்டுவோருக்கு, என் கோப்பில் உள்ள ஆணைகளின் நகல்களைத் தருவதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.