உள்ளூர் இம்போர்ட்டைக் காணாத கம்பைலர்: ஒரு நாட்குறிப்பு

2024 பிப்ரவரி 6, செவ்வாய்

மாணவர்கள் உலாவியில் எழுதும் டைப்ஸ்கிரிப்ட் நிரலைப் படித்து, ஒவ்வொரு ஃபங்ஷனும் எதைப் பெற்று எதைத் திருப்பித் தருகிறது என்று அட்டவணை தயாரிக்கும் பழைய கருவி ஒன்று பராமரிப்புக்காக என்னிடம் வந்திருக்கிறது. ஒரே கோப்பில் எழுதிய நிரலுக்கு அட்டவணை சரியாக வருகிறது, ‘./வரி’ என்று பக்கத்துக் கோப்பை இம்போர்ட் செய்தாலோ, அங்கிருந்து வந்த டைப்புகள் (மதிப்புகளின் வகைகள்) எல்லாம் ‘எனி’, அதாவது எதுவாகவும் இருக்கலாம், என்றே அச்சாகின்றன.

கருவி எங்கும் நின்றுவிடவில்லை என்பதுதான் இதில் தொல்லை. கருவி டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை அழைக்கப் பயன்படுத்தும் கிரியேட்புரோகிராம் என்ற ஃபங்ஷன், ஒரு மாட்யூலைக் கண்டுபிடிக்க முடியாமல் போனாலும் எக்ஸெப்ஷன் எதையும் எறிவதில்லை. டைப் தெரியாத பெயரை ‘எனி’ என்று வைத்துக்கொண்டு மேலே போய்விடுகிறது. குறைகளைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கெட்பிரீஎமிட்டயக்னாஸ்டிக்ஸ் என்ற ஃபங்ஷனை நாமாகவே அழைத்துக் கேட்க வேண்டும். பழைய நிரலில் அந்த அழைப்பே இல்லை. அதைச் சேர்த்து ஓட்டியதும் 2307 என்ற எண்ணுள்ள பிழை, அதாவது மாட்யூலைக் காணவில்லை என்ற செய்தி, ஒவ்வொரு உள்ளூர் இம்போர்ட்டுக்கும் ஒன்றாக வந்தது.

பிப்ரவரி 7, புதன்

அதே கோப்புகளை வட்டில் ஒரு கோப்புறையில் இட்டு, கட்டளைவரியில் ஓடும் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான டிஎஸ்சி கொண்டு சோதித்தேன்; ஒரு பிழையும் இல்லை. ஆகவே மாணவரின் நிரலில் குறையில்லை, கருவி கம்பைலரை அழைக்கும் விதத்தில்தான் ஏதோ இருக்கிறது.

கம்பைலர் ஆப்ஷன்களில் டிரேஸ்ரெசல்யூஷன் என்பதை இயக்கினால், ஒவ்வொரு இம்போர்ட்டையும் எங்கெங்கே தேடியது என்று கம்பைலர் வரிவரியாகச் சொல்லிவிடும். (கம்பைலருக்காகக் கோப்புகளைத் தேடிப் படித்துத் தரும் பகுதியான ஹோஸ்டில் டிரேஸ் என்ற ஃபங்ஷன் இருந்தால்தான் இது பேசும், கிரியேட்கம்பைலர்ஹோஸ்ட் தரும் ஹோஸ்டில் அது ஏற்கெனவே இருக்கிறது.) விடை மூன்றாவது, நான்காவது வரிகளிலேயே இருந்தது: ‘/பணி’ என்ற கோப்புறை இல்லை, ஆகவே அதனுள் தேடுவது தவிர்க்கப்படுகிறது என்ற பொருளில் ஒரு செய்தி. ‘/பணி’ என்பது மாணவரின் கோப்புகளுக்குக் கருவி சூட்டும் கற்பனை முகவரி. அது நினைவகத்தில் மட்டும் இருப்பது. வட்டில் அப்படி ஒன்று கிடையாது.

பிப்ரவரி 9, வெள்ளி

பழைய நிரலை எழுதியவர் கம்பைலரின் இயல்பான ஹோஸ்டை எடுத்து, அதில் கெட்சோர்ஸ்ஃபைல் ஒன்றை மட்டும் மாற்றி, நினைவகத்தில் உள்ள மேப்பிலிருந்து (கோப்பு முகவரியைச் சாவியாக வைத்து உரையைத் தரும் பட்டியல்) உரையைக் கொடுத்திருக்கிறார். தொடக்கக் கோப்புக்கு அது போதும், ஏனென்றால் கிரியேட்புரோகிராமுக்கு நாம் கொடுக்கும் கோப்புப் பெயர் தேடல் எதுவுமின்றி நேராக கெட்சோர்ஸ்ஃபைலுக்குப் போகிறது. இம்போர்ட் செய்யப்படும் கோப்பின் வழி வேறு. ‘./வரி’ என்பதில் நீட்சி இல்லாததால், .டிஎஸ், .டிஎஸ்எக்ஸ், .டி.டிஎஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, அப்படி ஒரு கோப்பு உண்டா என்று ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ் என்பதிடம் கம்பைலர் கேட்கிறது. அதற்கும் முன்பாக, கோப்புறையே உண்டா என்று டைரக்டரிஎக்ஸிஸ்ட்ஸ் என்பதிடம் கேட்கிறது. இவ்விரண்டும் இன்னும் வட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால், இல்லை என்ற பதிலோடு தேடல் முடிந்து, உரையைத் தரக் காத்திருந்த கெட்சோர்ஸ்ஃபைலை அந்தக் கோப்புக்காக யாருமே அழைக்கவில்லை. வாசலில் இருப்பவர் ஆளில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால், உள்ளே இருப்பவருக்கு விருந்தாளி வந்ததே தெரியாது.

டைரக்டரிஎக்ஸிஸ்ட்ஸ் கட்டாயமானதன்று; ஹோஸ்டில் அது இல்லாவிட்டால் கோப்புறை இருப்பதாகவே கம்பைலர் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் அதை நீக்காமல், மேப்பை முதலில் பார்த்து, அங்கே இல்லையென்றால் வட்டைப் பார்க்கும்படி மூன்றையும், கூடவே ரீட்ஃபைலையும் மாற்றினேன். வட்டுக்குப் போகும் வழியை அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் கம்பைலரோடு வரும், மொழியின் அடிப்படை டைப்புகளை அறிவிக்கும் லிப் கோப்புகளும் கிடைக்காமல், அர்ரே என்ற டைப்பே இல்லை என்னும் 2318 எண்ணுள்ள பிழைகள் வரிசையாக வரும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தொடக்கக் கோப்பை, நடப்புக் கோப்புறையிலிருந்து தொடங்கும் சார்பு முகவரியாகக் கொடுத்தால் ஹோஸ்டுக்கும் அது அப்படியே வருகிறது. இம்போர்ட் வழியாக வருபவையோ முழு முகவரியாக மாற்றப்பட்ட பின்னரே வருகின்றன. மேப்பின் சாவிகள் எல்லாம் முழு முகவரிகளாக இருப்பதே பாதுகாப்பானது.

பிப்ரவரி 12, திங்கள்

ஆப்ஷன்களின் கதை. ஆப்ஷன்களை எழுதிவைக்கும் டிஎஸ்கான்ஃபிக் கோப்பை கிரியேட்புரோகிராம் தானாகப் படிப்பதில்லை. கட்டளைவரியில் சரியாக ஓடுவது கருவியில் ஓடாமல் போவதற்கு இதுவும் ஒரு பொதுவான காரணம். கோப்பை ஜேசனாகப் படித்து அப்படியே ஆப்ஷன்களாக அனுப்புவதும் உதவாது, ஏனெனில் மாட்யூல்ரெசல்யூஷன் போன்றவற்றை எழுத்துச்சரமாக அல்லாமல் ‘ஈனம்’ (பெயரிடப்பட்ட எண்) மதிப்பாகவே கம்பைலர் எதிர்பார்க்கிறது. ரீட்கான்ஃபிக்ஃபைல், பார்ஸ்ஜேசன்கான்ஃபிக்ஃபைல்கன்டென்ட் ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து அழைத்தால் இந்த மாற்றம் முறையாக நடந்துவிடும்.

மாட்யூல்ரெசல்யூஷன் அமைப்பு நோட்நெக்ஸ்ட், அதாவது நோட் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் சூழல்) தேடும் முறை, ஆனதும் புதிய பிழை ஒன்று முளைத்தது: 2835. ஜாவாஸ்கிரிப்ட் தரத்தின் மாட்யூல் வடிவமான இஎஸ் மாட்யூலில் உள்ளூர் இம்போர்ட்டுக்கு நீட்சி கட்டாயம்; வட்டில் இருப்பது .டிஎஸ் ஆனாலும் எழுத வேண்டியது ‘./வரி.ஜேஎஸ்’. விதி விந்தையாகத் தோன்றினாலும், ஓடும்போது நோட் தேடப்போவது அந்த .ஜேஎஸ் கோப்பைத்தான் என்பதால் எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

ஒரு கோப்பு இஎஸ் மாட்யூலா, நோடின் பழைய மாட்யூல் வடிவமான காமன்ஜேஎஸ்ஸா என்பதை அருகிலுள்ள பேக்கேஜ்.ஜேசனைப் பார்த்து முடிவு செய்து, அந்த முடிவையும் கெட்சோர்ஸ்ஃபைலின் இரண்டாவது ஆர்க்யுமென்டில் கம்பைலர் அனுப்புகிறது. பழைய நிரல் அந்த ஆர்க்யுமென்டைப் புறக்கணித்து, மொழிப்பதிப்பை மட்டும் தானாக இட்டு கிரியேட்சோர்ஸ்ஃபைலை அழைத்துவந்தது. வந்ததை முழுமையாகக் கைமாற்றும்படி திருத்தியிருக்கிறேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

விண்டோஸில் மட்டும் மறுபடியும் 2307. கம்பைலர் எல்லா முகவரிகளையும் முன்சாய்கோட்டோடுதான் கேட்கிறது. மேப்பில் சேர்க்கும்போது நோடின் பாத்.ஜாயின் பின்சாய்கோட்டை இட்டிருந்தது. ஒரு வரியில் தீர்ந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

இன்று வந்த புகார் தமிழில் எழுதுபவர்களுக்கே உரியது. ஒரு மாணவர் தம் கோப்புக்கு ‘தொகை’ என்று பெயரிட்டு, ‘./தொகை’ என்று இம்போர்ட் செய்கிறார். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன, கம்பைலரோ காணவில்லை என்கிறது. பெயர்களின் குறியெண்களை அச்சிட்டுப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. யூனிகோடில் ‘தொ’வின் உயிர்க்குறியை 0பிசிஏ என்ற ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். இவை சமமானவை என்று யூனிகோட் சொன்னாலும், ஜாவாஸ்கிரிப்ட்டின் மேப்புக்கு இவை இரண்டு வெவ்வேறு சரங்கள். கோப்பு பழைய மேக் கணினியிலிருந்து வந்தது. அதன் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும்.

மேப்பில் இடும்போதும், ஹோஸ்ட் மேப்பில் தேடும்போதும் பெயரை நார்மலைஸ் ஃபங்ஷனால் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவுக்கு மாற்றும்படி செய்துவிட்டேன். வட்டுக்குப் போகும் அழைப்புகளில் மட்டும் வந்த பெயரை அப்படியே விட்டிருக்கிறேன்: லினக்ஸில் இரு வடிவங்களும் இரு வேறு கோப்புகளாகவே இருக்க முடியும் என்பதால், அங்கே மாற்றினால் உண்மையில் இருக்கும் கோப்பே கிடைக்காமல் போகலாம்.