டிப்ரஷன் ஜீன் டெஸ்ட், மெமரி டெஸ்ட் ரெண்டும் எடுத்த அனுபவம்

எங்க வீட்ல அம்மாவுக்கு டிப்ரஷன், மாமாவுக்கும் உண்டு, அம்மாச்சி கடைசி காலத்துல பெத்த புள்ளைங்களையே யாருன்னு கேட்டாங்க. இதுக்கு நடுவுல எனக்கும் தூக்கம் போயி, எதுலயும் இஷ்டம் இல்லாம, காலைல மீட்டிங்ல பேசினது சாயங்காலம் மறந்துபோக ஆரம்பிச்சதும், சரி டிப்ரஷன், மறதி ரெண்டு சொத்தும் நமக்கே வந்துருச்சுன்னு பயந்து ஆன்லைன்ல ஒரு ஜீன் டெஸ்ட் கிட் வாங்கினேன். டியூப்ல எச்சில் துப்பி அனுப்பணும், அவ்ளோதான்.

ரிப்போர்ட் கலர் கலரா வந்துச்சு. செரடோனின்ங்கற மூளைக் கெமிக்கல் சம்பந்தப்பட்ட ஜீன வெச்சு 'டிப்ரஷன் ரிஸ்க் அதிகம்', பிடிஎன்எஃப்னு இன்னொரு ஜீன்ல வேல்66மெட் மாற்றம் இருக்காம், அதனால 'ஞாபகசக்தி சராசரிக்குக் கீழ'. அன்னைக்கு ராத்திரி சுத்தமா தூக்கமில்ல.

அத பிரின்ட் எடுத்துட்டு சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட போனேன். மேடம் ரெண்டு பக்கம் புரட்டிட்டு ஓரமா வெச்சுட்டாங்க. இந்த ரெண்டு ஜீனும் 2003ல பெரிய பேச்சா இருந்துச்சாம், ஆனா 2019ல லட்சக்கணக்கான பேரோட டேட்டாவ வெச்சு இந்த மாதிரி பிரபலமான 18 டிப்ரஷன் ஜீன்கள சோதிச்சப்ப, கண்ண மூடிட்டு எடுத்த வேற ஜீன்களவிட இதுங்க ஒண்ணும் பெருசா சொல்லலன்னு தெரிஞ்சுருச்சு. இப்ப நம்ம டிஎன்ஏல நூத்துக்கணக்குல இடங்கள கண்டுபிடிச்சிருக்காங்க, ஒவ்வொண்ணும் துளித்துளியாதான் ரிஸ்க்க ஏத்துதாம், அதுவும் பெரும்பாலும் ஐரோப்பியர்கள் டேட்டா, அத எல்லாம் கூட்டிப் போடுற ரிஸ்க் ஸ்கோர் நம்ம ஆளுங்களுக்கு சரியா பொருந்தாது. அப்ப பரம்பரைங்கறது பொய்யான்னு கேட்டேன். இல்லையாம், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நம்ம கூடப்பிறந்தவங்களுக்கோ இருந்தா ரிஸ்க் ரெண்டு மூணு மடங்கு, ஆனா அத எச்சில் டியூப் சொல்றதவிட குடும்பக் கதை நல்லா சொல்லும்னாங்க.

கேட்டாங்க பாருங்க கேள்வி! அம்மாவுக்கு எந்த வயசுல ஆரம்பிச்சது, எத்தன தடவ திரும்ப வந்துச்சு, எந்த மாத்திரை கேட்டுச்சு, வீட்ல யாராவது தற்கொலை பண்ணிருக்காங்களா, யாராவது நாள்கணக்கா தூங்காம ஓவர் குஷியா காச தண்ணியா செலவழிச்சிருக்காங்களா. கடைசி கேள்வி ஏன்னா பைபோலார் (ஓவர் குஷியும் டிப்ரஷனும் மாறி மாறி வர்ற நோய்) இருந்தா டிப்ரஷன் மாத்திரைய மட்டும் குடுக்குறது சிக்கலாம். எனக்கு பாதிக்கு பதில் தெரியல, வெளிய வந்து பெரியம்மாவுக்கு போன் பண்ணேன், அவங்க எல்லாத்துக்கும் "நரம்புத் தளர்ச்சிப்பா"ன்னே சொல்றாங்க, தோண்டித்தோண்டிதான் எடுத்தேன். போறதுக்கு முன்னாடியே இத கேட்டு எழுதிட்டு போங்க.

அப்புறம் ரத்த டெஸ்ட்: தைராய்டு, பி12. ரெண்டும் கொறஞ்சா மந்தமும் மறதியும் வருமாம். எனக்கு பி12 கொறச்சல்.

மெமரிக்கு சைக்காலஜிஸ்ட்கிட்ட மோக்கா டெஸ்ட், 30 மார்க், தமிழ்லயே பண்ணாங்க. கடிகாரம் வரையணும், 100ல இருந்து ஏழு ஏழா கழிக்கணும், அஞ்சு வார்த்தை சொல்லிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பக் கேப்பாங்க. எனக்கு ரெண்டுதான் வந்துச்சு, வேர்த்துருச்சு. ஆனா "அது ஒரு பூ"ங்கற மாதிரி க்ளூ குடுத்ததும் மிச்சம் மூணும் டக்குனு வந்துச்சு. அதுதான் நல்ல சேதியாம்: விஷயம் உள்ள பதிஞ்சிருக்கு, எடுக்கத்தான் கஷ்டப்படுது, டிப்ரஷன்ல அப்படித்தான் ஆகும், அல்சைமர்ங்கற மறதி நோய்ல பெரும்பாலும் க்ளூ குடுத்தாலும் வராதுன்னாங்க.

அம்மாச்சிய நெனச்சு, அல்சைமர் ரிஸ்க்க ஏத்துற ஏபிஓஈ4 ஜீனும் பாத்துடலாமான்னு சைக்கியாட்ரிஸ்ட் மேடம்கிட்ட கேட்டேன். அது இருக்குறவங்க நெறய பேருக்கு அல்சைமர் வர்றதே இல்ல, இல்லாதவங்களுக்கும் வருது, இந்த மனநிலைல தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்கன்னு திருப்பிக் கேட்டாங்க. விட்டுட்டேன்.

அம்மாவுக்கு கேட்ட அதே மாத்திரையே எனக்கும் எழுதினாங்க, கூட பி12 ஊசி, கவுன்சிலிங். மாத்திரை வேலை செய்ய நாலஞ்சு வாரம் ஆகும், முதல் வாரம் வயித்தப் பெரட்டும், பயப்படாதீங்க. மனசு முதல்ல தேறுச்சு, மறதி ரொம்ப லேட்டாதான் கொறஞ்சுது, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு.

அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சு நானும் அந்த கிட் வாங்கவான்னு கேட்டுச்சு. அந்தக் காசுக்கு தைராய்டும் பி12வும் பாரு, மிச்சத்துக்கு பிரியாணி சாப்புடுன்னேன். சரி சரின்னு தலையாட்டிட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு ஆர்டர் போட்டுருச்சு.