கதவைத் திறந்து வைத்துப் பூட்டிப் பாருங்கள்

லண்டனில் எங்கள் வீட்டு முன்கதவு 2 வாரமாகப் பூட்ட மறுத்தது. இரட்டைக் கண்ணாடி பதித்த பிளாஸ்டிக் கதவு. கைப்பிடியை மேலே தூக்கினால்தான் கொக்கிகள் வெளியே வந்து நிலைச் சட்டத்தில் மாட்டும். அம்மா இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்துத் தோற்றுப்போவதைக் காணவே வேதனையாக இருந்தது. பழுதுபார்க்க முதலில் வந்தவர் கதவையே மாற்றச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது.

நேற்று வந்தவர் கதவைத் திறந்து வைத்தபடியே கைப்பிடியைத் தூக்கினார். சிரமமின்றி ஏறியது! பூட்டில் குறையில்லை, கதவுதான் சற்று இறங்கி, கொக்கிகள் நிலைச் சட்டத்துக்கு நேராக அமையவில்லை என்றார். ஆலன் சாவி எனும் அறுகோண முனைக் கருவியால் கீல்களில் உள்ள திருகைத் திருப்பி, சில மில்லிமீட்டர் உயர்த்தினார். 20 நிமிட வேலை. நாங்கள் இன்னும் சில நாள் முரட்டுத்தனமாக இழுத்திருந்தால் உள்ளேயிருந்து கொக்கிகளை இயக்கும் கியர்பாக்ஸ் உடைந்திருக்குமாம். உடைந்தாலும் பெரும்பாலும் அதை மட்டும் மாற்றிவிடலாம். இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் படர்ந்த ஜன்னலும் அப்படித்தான்: கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும், சட்டம் இருக்கட்டும். நல்ல கதவைத் தூக்கிப்போடச் சொன்னால் தயவுசெய்து உடனே தலையாட்டாதீர்கள்.

இன்று காலை அம்மா ஒரே கையால் கதவைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனார்.